தீத்தடுப்புக் குழாய் பொருத்தும் கைகளுக்குப் பதிவு எப்போது?

புது தில்லி: தலைநகரை ஒட்டிய நொய்டாவிலும் குருகிராமிலும் பொழுது விடிவதற்கு முன்பே சாலைச் சந்திப்புகளில் கூட்டம் சேர்ந்துவிடுகிறது. 'லேபர் சௌக்' என்று அழைக்கப்படும் இச்சந்திப்புகளில் பிகார், ஜார்க்கண்ட், கிழக்கு உத்தரப் பிரதேசம் ஆகிய பகுதிகளிலிருந்து வந்த இளைஞர்கள் வேலைக்காகக் காத்து நிற்கின்றனர். ஒப்பந்ததாரரின் வண்டி வந்து நின்றதும் ஏறிக்கொள்பவர்களில் சிலர், மாலை வரை ஏதேனும் ஒரு வணிக வளாகத்தின் கூரைக்கு அடியில், சாரத்தின் மீது நின்று, சிவப்பு வண்ணம் பூசிய இரும்புக் குழாய்களைத் தூக்கிப் பிடிப்பார்கள். தீப்பற்றினால் தானாகத் தண்ணீர் பொழியும் 'ஸ்பிரிங்க்ளர்' எனும் தெளிப்பான்களுக்கான குழாய்கள் அவை.

அத்தகைய இளைஞர் ஒருவரை எண்ணிப் பார்க்கலாம். வயது 19. அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு முதல் பிளம்பிங்கை ஒரு பாடமாகப் படித்தவர். குழாயில் மரை வெட்டவும், எல்போ, டீ போன்ற இணைப்புகளைப் பொருத்தவும் அவருக்குத் தெரியும். ஆனால் பணித்தளத்தில் அவருக்குப் பெயர் 'ஹெல்பர்'. பள்ளியில் படித்ததை எவரும் கேட்பதில்லை. ஐந்தாறு ஆண்டுகளில் அவர் 'மிஸ்திரி' ஆகிவிடுவார். அவருக்குக் கீழ் இரண்டு ஹெல்பர்கள் இருப்பார்கள். அப்போதும் அவர் கையில் தம் தொழிலைச் சொல்லும் ஒரு தாள் இருக்காது.

அதே வயதில், அதே பள்ளிப் படிப்புடன், இன்னொருவர் 'அப்ரண்டிஸ்' எனப்படும் தொழில் பழகுநராகப் பதிவு பெற்றால் நிலைமை வேறு. அவருக்கும் நிறுவனத்துக்கும் இடையே எழுத்து மூலமான ஒப்பந்தம் உண்டு. அந்த ஒப்பந்தம் அரசு அலுவலர் ஒருவரிடம் பதிவாகியிருக்கும். பயிற்சிக் காலம், மாதந்தோறும் உதவித்தொகை, விபத்து நேர்ந்தால் இழப்பீடு, முடிவில் தேர்வு, நாடு முழுவதும் செல்லுபடியாகும் சான்றிதழ் ஆகிய அனைத்தும் அந்தப் பதிவிலிருந்தே பிறக்கின்றன.

பள்ளியில் தொழிற்கல்வி இருக்கிறது. சட்டத்தில் பழகுநர் பயிற்சியும் இருக்கிறது. முதலாவதிலிருந்து இரண்டாவதுக்குச் செல்லும் வழிதான் சரியாக அமையவில்லை. எல்லாத் தொழில்களிலும் உள்ள இக்குறை, தீத்தடுப்புக் குழாய்ப் பணியில் பிறர் உயிரையும் சேர்த்துப் பாதிக்கிறது.

மறைந்து கிடக்கும் தவறு

தெளிப்பான் அமைப்பு பார்ப்பதற்கு எளியது. கூரையில் ஓடும் குழாய்களில் எப்போதும் அழுத்தத்துடன் தண்ணீர் நிறைந்திருக்கும். ஒவ்வொரு தெளிப்பானின் வாயிலும் திரவம் அடைத்த சிறு கண்ணாடிக் குமிழ் ஒன்று அடைப்பாக நிற்கும். பரவலாகப் பயன்படும் சிவப்புக் குமிழ் 68 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் உடையும்; மஞ்சள் குமிழ் 79 டிகிரியிலும், பச்சைக் குமிழ் 93 டிகிரியிலும் உடையும். குமிழ் உடைந்த இடத்தில் மட்டுமே தண்ணீர் பொழியும். திரைப்படங்களில் காட்டப்படுவதுபோலக் கட்டடம் முழுவதும் ஒரே நேரத்தில் மழை பெய்வதில்லை. தீ சிறிதாக இருக்கும்போதே, அது இருக்கும் இடத்திலேயே, மனிதர் எவரும் வராமலேயே அதை அடக்குவதுதான் இதன் சிறப்பு.

ஆனால் இந்த எளிய அமைப்பைப் பொருத்துவதில் பல நுட்பங்கள் உள்ளன. சமையலறையின் சூட்டுக்கு அருகில் எந்த நிறக் குமிழ் வேண்டும், தெளிப்பானுக்கும் உத்தரத்துக்கும் எவ்வளவு இடைவெளி வேண்டும், குழாயைத் தாங்கும் கிளாம்புகளை எத்தனை அடிக்கு ஒன்று அடிக்க வேண்டும், எந்த வால்வு எப்போதும் திறந்தே இருக்க வேண்டும் என்பவை யாவும் தெரிந்திருக்க வேண்டும். கூரைக்கு வண்ணம் அடிக்கும்போது தெளிப்பானின் மீதும் வண்ணம் பூசிவிட்டால் அது உரிய வெப்பத்தில் உடையாமல் போகலாம். அதைத் துடைத்துப் பயன்படுத்தக் கூடாது, மாற்றியே ஆக வேண்டும். அழகுக்காகப் பின்னர் அமைக்கப்படும் பொய்க்கூரை தெளிப்பானை மறைத்துவிட்டால் தண்ணீர் தீயைச் சென்றடையாது. தெளிப்பான் அமைப்புகள் தீயின்போது செயல்படாமல் போனதற்கான காரணங்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த அமெரிக்கத் தீத்தடுப்புச் சங்கம், தண்ணீர் முன்கூட்டியே அடைக்கப்பட்டிருந்ததே அவற்றில் முதலிடம் பெறுவதாகக் கண்டது. பெரும்பாலான தோல்விகளுக்குக் கருவி காரணமல்ல. கவனமும் பயிற்சியும் இல்லாமையே காரணம்.

வீட்டுக் குழாயில் தவறு நேர்ந்தால் மறுநாளே தண்ணீர் ஒழுகிக் காட்டிக்கொடுத்துவிடும். தீத்தடுப்புக் குழாயில் நேர்ந்த தவறு பத்து ஆண்டுகள்கூடக் கூரைக்குள் மறைந்து கிடக்கக்கூடும். தீப்பற்றும் நாளன்றுதான் அது வெளிப்படும்.

தலைநகரம் இத்தகைய நாள்களை அறிந்த நகரம். 1997 ஜூன் 13 அன்று உபஹார் திரையரங்கில் 59 பேர் மாண்டனர். 2019 பிப்ரவரியில் கரோல் பாக் விடுதியொன்றில் 17 பேரும், அதே ஆண்டு டிசம்பரில் அனாஜ் மண்டியில் 43 பேரும், 2022 மே மாதத்தில் முண்ட்காவில் 27 பேரும் உயிரிழந்தனர். 2024 மே மாதத்தில் குஜராத்தின் ராஜ்கோட் விளையாட்டு அரங்கத் தீ விபத்து நாட்டை உலுக்கியது. இவை ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. அடைபட்ட வழிகள், அனுமதியற்ற கட்டடங்கள், தடையில்லாச் சான்று பெறாமை எனப் பலவும் விசாரணைகளில் வெளிவந்தன. தெளிப்பான் இருந்திருந்தால் எல்லோரும் பிழைத்திருப்பர் என்று சொல்வது பொருந்தாது. ஆனால் ஒவ்வொரு விபத்துக்குப் பின்னும் நாடாளுமன்றத்திலும் வெளியிலும் கேட்கப்படும் கேள்வி 'சான்று இருந்ததா' என்பதாகவே இருக்கிறது. தீத்தடுப்புக் கருவிகளைப் பொருத்தியவர் யார், அவர் எங்கே தொழில் கற்றார் என்ற கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை.

கட்டடங்களுக்கு விதி, கைகளுக்கு விதி இல்லை

கட்டடம் எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு நம்மிடம் விதிகளுக்குக் குறைவில்லை. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு தன் நான்காம் பகுதி முழுவதையும் தீ மற்றும் உயிர்ப் பாதுகாப்புக்கு ஒதுக்கியுள்ளது. தெளிப்பான் அமைப்புகளை வடிவமைத்துப் பொருத்துவதற்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 15105 என்ற தரநிலையை 2002-இல் வெளியிட்டது. தீயணைப்புப் பணி அரசமைப்புச் சட்டத்தின் 12-ஆவது அட்டவணையில் நகராட்சிகளின் பொறுப்புகளில் ஒன்றாக இடம்பெற்றிருப்பதால், மத்திய அரசு மாநிலங்களுக்கு வழிகாட்டவே இயலும். 2019-இல் உள்துறை அமைச்சகம் மாதிரி மசோதா ஒன்றை மாநிலங்களுக்கு அனுப்பியதும் இதனால்தான்.

குழாயின் தடிமன், தொட்டியின் கொள்ளளவு, பம்பின் திறன் ஆகிய யாவற்றுக்கும் கணக்கு உண்டு. அவற்றைப் பொருத்தும் தொழிலாளி எத்தனை மாதம், எவரிடம், எதைக் கற்றிருக்க வேண்டும் என்பதற்கு அதே அளவு கண்டிப்பு இல்லை. மின் பணிக்கு உரிமம் பெற்ற ஒப்பந்ததாரரும் தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளரும் வேண்டும் என்பது நெடுநாளாக நடைமுறையில் உள்ள ஒழுங்கு. தீத்தடுப்புக் குழாய்ப் பணி பெரும்பாலும் பிளம்பர், பைப் ஃபிட்டர், வெல்டர் என்ற பொதுவான தொழில்களின் நிழலிலேயே நடைபெறுகிறது.

பதிவு தரும் காப்பு

இக்குறையைத் தீர்க்கும் கருவி புதிதாகத் தேட வேண்டியதன்று. 1961-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பழகுநர் சட்டமே அது. இச்சட்டத்தின் உயிர்நாடி அதன் நான்காம் பிரிவில் உள்ளது. பயிற்சி பெறுபவரும் நிறுவனமும் ஒப்பந்தம் செய்துகொள்ள வேண்டும். பயிற்சி பெறுபவர் வயது நிரம்பாதவராயின் அவருடைய காப்பாளர் கையெழுத்திட வேண்டும். அந்த ஒப்பந்தத்தைப் பழகுநர் ஆலோசகர் எனப்படும் அரசு அலுவலரிடம் பதிவு செய்ய வேண்டும்.

பதிவு பெற்றவர் தொழிலாளி அல்லர், பயிற்சி பெறுபவரே என்று 18-ஆம் பிரிவு கூறுகிறது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஊதியம், தொழில் உறவுகள் பற்றியவையும் 'தொழிலாளி' என்ற சொல்லின் வரையறையிலிருந்து பழகுநரை விலக்கியே வைத்துள்ளன. ஆகவே பழகுநருக்கு உள்ள காப்பு பெரும்பாலும் 1961-ஆம் ஆண்டுச் சட்டம் தரும் காப்பே. உடல்நலம், பாதுகாப்பு, பணிநேரம் ஆகியவற்றை அச்சட்டம் வரையறுத்துள்ளது. பயிற்சியின்போது காயமுற்றால் நிறுவனம் இழப்பீடு தர வேண்டும் என்று 16-ஆம் பிரிவு விதித்துள்ளது. பதிவில்லாமல் 'பயிற்சியில் இருக்கிறான்' என்ற பெயரில் வேலை வாங்கப்படும் இளைஞர், தாம் தொழிலாளி என்றும் பழகுநர் என்றும் நிரூபிக்க முடியாமல் இரண்டுக்கும் நடுவே நிற்க நேர்கிறது. சாரத்திலிருந்து விழுந்தவருக்கு இந்த வேறுபாடு வெறும் சட்ட நுணுக்கமன்று.

வேலைக்கு உறுதி உண்டா என்றால், இல்லை. பயிற்சி முடித்தவருக்கு வேலை தரும் கட்டாயம் நிறுவனத்துக்கு இல்லை என்று 22-ஆம் பிரிவு முன்பு கூறியது. 2014-ஆம் ஆண்டுத் திருத்தம், ஒவ்வொரு நிறுவனமும் இதற்கென ஒரு கொள்கையை வகுத்துக்கொள்ள வேண்டும் என்பதோடு நின்றது. ஆயினும் சான்றிதழ் பெற்றவர் வேறு ஊருக்கோ வளைகுடா நாட்டுக்கோ சென்றாலும் தம் தொழிலைச் சொல்லிக் கேட்க ஓர் ஆதாரம் உண்டு.

பள்ளியின் பக்கம்

மற்றொரு முனையில் பள்ளி இருக்கிறது. மேல்நிலைக் கல்வியில் தொழிற்கல்வி வேண்டும் என்று 1964-66-ஆம் ஆண்டுகளில் பணியாற்றிய கோத்தாரி கல்விக் குழு வலியுறுத்தியது. பின்னர் இதை ஆராய அமைக்கப்பட்ட தேசியக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் தமிழகத்தின் வேலூரில் பிறந்த பொருளாதார அறிஞர் மால்கம் ஆதிசேஷையா. 'செய்யக் கற்றல்' என்று பொருள்படும் தலைப்புடன் 1978-இல் வெளிவந்த அக்குழுவின் அறிக்கை, பள்ளிக்கும் பணியிடத்துக்கும் இடையே உள்ள சுவரை உடைக்க வேண்டும் என்ற நோக்கில் எழுதப்பட்டது. அறிக்கை வெளிவந்த அதே காலத்தில் அவர் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரும் ஆனார்.

1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, மேல்நிலை மாணவர்களில் 10 சதவீதத்தினர் 1990-க்குள்ளும் 25 சதவீதத்தினர் 1995-க்குள்ளும் தொழிற்கல்வியில் இருக்க வேண்டும் என்று இலக்கு வகுத்தது. 1992-இல் அந்த இலக்குகள் முறையே 1995-க்கும் 2000-க்கும் தள்ளிவைக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டின் கல்விக் கொள்கையோ, பள்ளி, உயர்கல்வி மாணவர்களில் பாதிப் பேருக்கேனும் 2025-க்குள் தொழிற்கல்வி அறிமுகம் கிட்ட வேண்டும் என்றது. இலக்கு ஆண்டு மாறுகிறது. மாணவர் பள்ளியை விட்டு வெளியேறியபின் எங்கே செல்வார் என்ற கேள்வி மாறவில்லை.

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல ஒரு முயற்சி நடந்ததுண்டு. 1986-இல் பழகுநர் சட்டம் திருத்தப்பட்டு, மேல்நிலைத் தொழிற்கல்விப் பிரிவை முடித்தவர்களும் பழகுநர்களாகச் சேர வழி செய்யப்பட்டது. மும்பை, கொல்கத்தா, கான்பூர், சென்னை ஆகிய நான்கு நகரங்களில் உள்ள மண்டல வாரியங்கள் அதைக் கவனித்து வருகின்றன. ஆனால் அது மேல்நிலையில் முழுப் பிரிவாகத் தொழிற்கல்வி படிப்பவர்களை மனதில் கொண்டு வகுத்த வழி. இன்று 'சமக்ர சிக்ஷா' திட்டத்தின்கீழ் ஒன்பதாம் வகுப்பு முதலே பல பாடங்களுள் ஒன்றாகத் தொழிற்பாடம் கற்பிக்கப்படுகிறது. பிளம்பிங்கும் கட்டுமானமும் அவற்றில் அடங்கும். போபாலில் உள்ள மத்தியத் தொழிற்கல்வி நிறுவனம் அவற்றுக்குப் பாடநூல்களும் தயாரிக்கிறது. நான்கு ஆண்டுகள் அப்பாடத்தைப் படித்த மாணவர், பிளம்பர் தொழிலில் பழகுநராகச் சேர வரும்போது, குழாயைத் தொட்டே பார்க்காத மற்றொருவரோடு ஒரே வரிசையில் நிற்க நேர்கிறது.

ஐ.டி.ஐ. எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் படித்தவருக்கு நிலைமை இவ்வாறில்லை. அவர் அங்கே கற்ற காலம் பழகுநர் பயிற்சிக் காலத்திலிருந்து கழித்துக்கொள்ளப்படுகிறது. இந்தச் சலுகை நெடுங்காலமாக விதிகளிலேயே உள்ளது. ஐ.டி.ஐ. பட்டறையில் கற்றதற்கு மதிப்பு உண்டென்றால், பள்ளிப் பட்டறையில் கற்றதற்கு ஏன் இல்லை? 2023 ஏப்ரலில் வெளியிடப்பட்ட தேசிய மதிப்பெண் வரவுக் கட்டமைப்பு, ஆண்டுக்கு 1,200 மணி நேரக் கற்றலுக்கு 40 வரவுகள் என்று கணக்கிட்டு, பள்ளிக் கல்வியையும் தொழிற்பயிற்சியையும் ஒரே தராசில் நிறுத்தியது. தாளில் அமைந்த இந்தச் சமத்துவம் கட்டுமானப் பணித்தளத்தை எட்டும்போதுதான் பயனுடையதாகும்.

பதினாறுக்கும் பதினெட்டுக்கும் இடையே

இடைவெளிக்கு வயதும் ஒரு காரணம். பழகுநராகச் சேரக் குறைந்தபட்ச வயது 14 என்று சட்டம் கூறினாலும், அபாயகரமான தொழில்களில் 18 வயது நிரம்பியிருக்க வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் விதித்தது. பத்தாம் வகுப்புடன் பள்ளியை விடும் மாணவருக்கு வயது 15 அல்லது 16. உயரமான சாரத்தில் அவரை ஏற்றுவது கூடாது என்பதில் இரு கருத்து இருக்க முடியாது. குழந்தைத் தொழிலாளர் முறைக்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடிப் பெற்ற காப்பை, திறன் பயிற்சியின் பெயரால் தளர்த்துவதும் ஏற்கத்தக்கதன்று.

ஆனால் அந்த இரண்டு ஆண்டுகளை வெறுமையாக விட்டுவிட்டால், வறுமை அதை நிரப்பிவிடுகிறது. சட்டப்படி சேர முடியாத சிறுவர் சட்டத்துக்கு வெளியே வேலைக்குச் சேர்ந்துவிடுகிறார். வரைபடம் படித்தல், பட்டறையில் மரை வெட்டுதல், தரையில் வைத்தே குழாய்ப் பகுதிகளை இணைத்துச் சோதித்தல், அழுத்தமானியின் அளவுகளைக் குறித்தல் போன்ற பலவும் சாரத்தில் ஏறாமலேயே கற்கக்கூடியவை. அந்தக் காலத்தைப் பள்ளியின் பொறுப்பிலேயே வைத்து, கற்றதைக் கணக்கில் எழுதி, 18 வயது நிறைந்ததும் பதிவு பெற்ற பயிற்சியில் வரவு வைத்தால், சட்டத்தின் காப்பும் நிற்கும். மாணவரின் காலமும் வீணாகாது.

விஸ்கான்சின் காட்டும் வழி

இவ்வாறு செய்து பார்த்த இடங்கள் உண்டு. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலம் 1911-இலேயே பழகுநர் பயிற்சிக்குத் தனிச் சட்டம் இயற்றியது. அந்நாட்டில் இவ்வகையில் அதுவே முதல் மாநிலம். 1991-இல் அது 'இளையோர் பழகுநர்' திட்டத்தைத் தொடங்கியது. பள்ளியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் உள்ள மாணவர், வகுப்பில் உரிய பாடத்தைப் படித்துக்கொண்டே, ஆண்டுக்குக் குறைந்தது 450 மணி நேரம் ஊதியத்துடன் ஒரு நிறுவனத்தில் பணி கற்கிறார். பள்ளியை முடித்தபின் பதிவு பெற்ற பழகுநராகச் சேரும்போது, அவர் ஏற்கெனவே கற்றதை வரவு வைக்க வழி செய்யப்பட்டுள்ளது.

அங்கே தெளிப்பான் பொருத்துதல் தனியொரு தொழில். பதிவு பெற்ற பயிற்சி ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் நடைபெறுகிறது. பழகுநராக இருக்கும்போதே மாநில அரசிடம் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். முடித்தபின் உரிமம் பெற வேண்டும். அந்நாட்டின் தரநிலைப்படி, குழாய்களைப் பொருத்தியபின் சதுர அங்குலத்துக்கு 200 பவுண்டு அழுத்தத்தில் இரண்டு மணி நேரம் சோதித்துப் பார்க்க வேண்டும். கசிவு இருக்கக் கூடாது. சோதனையைச் செய்பவருக்கும் கற்றவர் என்ற அடையாளம் உண்டு.

அமெரிக்காவில் உள்ளது அனைத்தும் நமக்குப் பொருந்தாது. அங்கே அத்தொழிலுக்கு வலுவான தொழிற்சங்கமும், ஒழுங்குபட்ட நிறுவனங்களும் உள்ளன. ஆனால் 17 வயதில் கற்ற ஒரு மணி நேரம் 19 வயதிலும் கணக்கில் இருக்க வேண்டும் என்ற எண்ணத்துக்கு நாட்டு எல்லை கிடையாது.

உதவித்தொகையும் கூலியும்

இங்கே தடையாக நிற்பது சட்டம் மட்டுமன்று, கணக்கும்தான். 2019-இல் திருத்தப்பட்ட விதிகளின்படி, 30 பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள், ஒப்பந்தப் பணியாளர்களையும் சேர்த்த மொத்த எண்ணிக்கையில் 2.5 முதல் 15 சதவீதம் வரை பழகுநர்களைச் சேர்க்க வேண்டும். அதற்குக் குறைவான சிறு நிறுவனங்களுக்கு அது விருப்பத்தைப் பொறுத்தது. கட்டுமானத் துறையிலோ பெரிய நிறுவனம் எடுக்கும் பணி ஒப்பந்ததாரருக்கும், அவரிடமிருந்து துணை ஒப்பந்ததாரருக்கும், அங்கிருந்து பத்துப் பேரை வைத்திருக்கும் மிஸ்திரிக்கும் கைமாறுகிறது. குழாயை உண்மையில் பொருத்தும் கடைசிக் குழு கட்டாயத்தின் எல்லைக்கு வெளியே நின்றுவிடுகிறது.

கடமை தவறினால் தண்டனையும் கடுமையானதன்று. 2014-க்கு முன் சிறைத் தண்டனைக்கு இடமிருந்தது. அத்திருத்தம் அதை நீக்கி, குறையும் ஒவ்வொரு பழகுநருக்கும் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் 500 ரூபாயும், அதன்பின் மாதம் 1,000 ரூபாயும் அபராதம் என்று வகுத்தது. பழகுநர் ஒருவருக்குத் தர வேண்டிய உதவித்தொகையைவிட இந்த அபராதம் மிகக் குறைவு. சிறைத் தண்டனையின் அச்சம் நீங்கினால் நிறுவனங்கள் தாமாக முன்வரும் என்பது அன்று திருத்தத்தை ஆதரித்தவர்களின் வாதம். அபராதம் பெயரளவுக்கு இருந்தால் பொறுப்பும் பெயரளவுக்கே இருக்கும் என்பது எதிர்வாதம்.

இளைஞரின் பக்கமும் கணக்கு உண்டு. 2019 விதிகள் குறைந்தபட்ச உதவித்தொகையாகப் பத்தாம் வகுப்பு முடித்தவருக்கு மாதம் 6,000 ரூபாயும், பன்னிரண்டாம் வகுப்பு அல்லது ஐ.டி.ஐ. முடித்தவருக்கு 7,000 ரூபாயும் நிர்ணயித்தன. 5,000 முதல் 9,000 ரூபாய் வரை இருந்த அளவுகளை 6,800 முதல் 12,300 ரூபாய் வரை உயர்த்தலாம் என்று மத்தியப் பழகுநர் குழு 2025 மே மாதத்தில் பரிந்துரைத்தது. தில்லி அரசு 2025 ஏப்ரலில் திறன் தேவைப்படாத பணிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச ஊதியமோ மாதம் 18,456 ரூபாய். அந்த ஊதியம் எல்லோருக்கும் முழுமையாகக் கிடைப்பதில்லை என்பது வேறு செய்தி. ஆயினும் மாதந்தோறும் வீட்டுக்குப் பணம் அனுப்ப வேண்டிய இளைஞர், சான்றிதழுக்காக இரண்டு ஆண்டுகள் பாதி வருவாயில் காத்திருப்பாரா என்ற கேள்வி நியாயமானதே.

2016-இல் தொடங்கிய தேசியப் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின்கீழ் உதவித்தொகையில் கால் பங்கை, மாதம் 1,500 ரூபாய் என்ற உச்சவரம்புக்கு உட்பட்டு, மத்திய அரசு ஏற்கிறது. 2023 முதல் அத்தொகை பழகுநரின் வங்கிக் கணக்குக்கே நேரடியாகச் செல்கிறது. வெளியூரிலிருந்து வந்து தலைநகர வாடகை கொடுக்கும் இளைஞருக்கு அது போதுமானதன்று. பள்ளியில் கற்ற காலத்தைக் கழித்துக்கொண்டால் குறைந்த வருவாயில் காத்திருக்கும் காலம் சுருங்கும். அவரைப் பொறுத்தவரை, வரவு வைப்பது என்பது ஒரு வகையில் உதவித்தொகையை உயர்த்துவதற்கு இணையானது.

கையில் உள்ள கருவிகள்

செய்யக்கூடியவை பலவற்றுக்குப் புதிய சட்டம்கூடத் தேவையில்லை. சிறு நிறுவனங்கள் பல ஒன்றுசேர்ந்தோ, அங்கீகாரம் பெற்ற ஓர் அமைப்பின் வழியாகவோ பழகுநர்களைப் பயிற்றலாம் என்று தற்போதைய சட்டமே அனுமதிக்கிறது. ஒரு நகரின் தீத்தடுப்புக் குழாய் ஒப்பந்ததாரர்கள் கூட்டாக இருபது பேரைப் பதிவு செய்து, ஒரு பணித்தளம் முடிந்ததும் அடுத்த பணித்தளத்துக்கு மாற்றிக்கொள்ள இதில் இடமுண்டு. அரசு அறிவித்த தொழில்களுக்கு அப்பால், நிறுவனங்களே பாடத்திட்டம் வகுத்துக்கொள்ளும் 'விருப்பத் தொழில்' என்ற முறையை 2014-ஆம் ஆண்டுத் திருத்தம் கொண்டுவந்தது. தெளிப்பான் பொருத்துதலை அம்முறையில் தனிப் பயிற்சியாக நடத்துவதற்குத் தடையில்லை.

ஐ.டி.ஐ. மாணவருக்கு உள்ள காலக் கழிவைப் பள்ளித் தொழிற்பாடம் படித்தவருக்கும் உரிய அளவில் நீட்டிப்பது விதித் திருத்தத்தால் ஆகக்கூடியது. பல ஆண்டுகள் ஹெல்பராக உழைத்துக் கற்றவர்களுக்கு முன்கற்றலை அங்கீகரிக்கும் தேர்வு முறை ஏற்கெனவே உண்டு. அதைத் தீத்தடுப்புப் பணியில் சிரத்தையுடன் நடத்த வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று கோரும் கட்டடம், தெளிப்பான் அமைப்பைப் பொருத்தியவர்களில் எத்தனை பேர் சான்று பெற்றவர் என்று சொல்ல வேண்டும் என மாநில அரசுகள் விதித்தால், தேவை தானாகப் பிறக்கும். சான்றிதழுக்குச் சந்தையில் மதிப்பு இருந்தால்தான் இளைஞர் அதற்காகக் காத்திருப்பார்.

பள்ளித் தொழிற்கல்வி கல்வி அமைச்சகத்திடம் உள்ளது. பழகுநர் பயிற்சி பெரும்பாலும் 2014-இல் உருவான திறன் மேம்பாட்டு அமைச்சகத்திடம் உள்ளது. மேல்நிலைத் தொழிற்கல்வி, பட்டயம், பட்டம் முடித்தோரின் பழகுநர் பயிற்சி மீண்டும் கல்வி அமைச்சகத்திடம். தீப் பாதுகாப்புக்கு வழிகாட்டுவது உள்துறை அமைச்சகம். செயல்படுத்துவது மாநிலங்களும் நகராட்சிகளும். மாணவர் ஒருவரே, அவருடைய கோப்பு நான்கு அலுவலகங்களில் கிடக்கிறது. நாடாளுமன்ற நிலைக்குழுக்களும் அமைச்சகங்களின் பிரிவினையை ஒட்டியே அமைந்திருப்பதால், ஒரு குழு பள்ளியை ஆராய்கிறது. மற்றொரு குழு பயிற்சியை ஆராய்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள பாதையைக் கேட்க வேண்டிய பொறுப்பு உறுப்பினர்களுடையது.

அடுத்த தீ விபத்து நிகழும்போதும் அவையில் இரங்கல் தெரிவிக்கப்படும். கட்டடத்துக்குச் சான்று இருந்ததா என்று கேட்கப்படும். அதற்கு முன்பே, நொய்டாவின் சாலைச் சந்திப்பில் விடியற்காலையில் நிற்கும் அந்தப் பத்தொன்பது வயது இளைஞருக்கு ஒரு பதிவு எண்ணை அளிக்க முடியுமா என்பதே அரசும் நாடாளுமன்றமும் விடை சொல்ல வேண்டிய கேள்வி. கூரைக்குள் மறைந்துகிடக்கும் குழாயை ஒவ்வொரு நாளும் எவராலும் சோதித்துப் பார்க்க இயலாது. அதைப் பொருத்துபவர் முறையாகக் கற்றவர் என்பதை உறுதிசெய்ய இயலும்.